பெருந்தரவும் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்தரவு என்றால் என்ன? பெரிய எக்செல் கோப்பா?

அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தரவை யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்பதுதான் முக்கியம். சர்வே எடுக்கிறவர் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வருகிறார்: "போன மாதம் அரிசிக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்?" பெருந்தரவில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மின்வாரியம் மீட்டர் ரீடிங் எடுப்பது பில் போடுவதற்கு. ரயில்வே டிக்கெட் கொடுப்பது பயணத்துக்கு. செல்போன் நிறுவனம் அழைப்புகளைப் பதிவு செய்வது பணம் வசூலிக்க. வேறு வேலைக்காகச் சேர்ந்த இந்தக் குவியலை, பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் கிளறிப் பார்க்கிறார். அதன் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

இதற்கு முன்னால் பொருளாதார நிபுணர்கள் எதை வைத்து வேலை செய்தார்கள்?

பெரும்பாலும் மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து. இந்தியாவில் அதற்கு அடித்தளம் போட்டவர் பி.சி. மகலநோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளம் முழுக்கச் சணல் வயல்களை அளந்துகொண்டிருக்காமல், குலுக்கல் முறையில் சில துண்டு நிலங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்து, மொத்தச் சாகுபடியை மதிப்பிட்டார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி சர்வே இதே வழியில் வந்ததுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வதும் இதைத்தான். ஆனால் கரண்டியைப் பானையின் எந்த மூலையிலும் விட்டு எடுக்க முடிய வேண்டும், அப்போதுதான் அந்த ஒரு சோறு பதம் சொல்லும். இந்தப் பானைக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவோம்.

நம் நாட்டிலிருந்து ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்தது ரயில் டிக்கெட் கதை. பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் வருடத்துக்கு எத்தனை பேர்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதிலும் குடிபெயர்வு அட்டவணைகள் வெளிவருவதற்குள் பல வருடங்கள் ஓடிவிடும்.

அரவிந்த் சுப்ரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது வந்த 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, இதற்கு ரயில்வேயின் டிக்கெட் பதிவுகளை எடுத்தது. எல்லா டிக்கெட்டும் இல்லை, முன்பதிவில்லாத பெட்டிகளின் டிக்கெட் மட்டும். ஏசி பெட்டியில் போகிறவர் கல்யாணத்துக்குப் போகலாம், சுற்றுலா போகலாம். அன்ரிசர்வ்டில் கால் வைக்க இடமில்லாமல் இரண்டு நாள் நின்றுகொண்டு போகிறவர் பெரும்பாலும் வேலை தேடித்தான் போகிறார். ஒரு மாநிலத்திலிருந்து கிளம்பியவர்கள் எத்தனை, திரும்பியவர்கள் எத்தனை என்று கழித்துப் பார்த்தார்கள். 2011-க்கும் 2016-க்கும் இடையில் வருடத்துக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் மாநில எல்லை தாண்டியிருக்கிறார்கள் என்று கணக்கு வந்தது. அதுவரை நினைத்திருந்ததைவிட இது மிக அதிகம்.

பேருந்தில் போனவர்கள் இதில் வரவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களும் வரவில்லை. குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, தேசிய நெடுஞ்சாலைகளில் மூட்டையோடு மக்கள் நடந்தபோது, "இத்தனை பேரா?" என்று நாடே திகைத்தது. மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு அரசு அறிக்கையில் அந்த எண்ணிக்கைக்கான தடயம் இருந்தது.

விலைவாசியைக்கூட இணையத்திலிருந்து கணக்கிடுகிறார்களாமே?

ஆமாம். அதற்கு அர்ஜென்டினாதான் பாடம். 2007 ஜனவரியில் அங்குள்ள அரசு, இண்டெக் என்ற தேசியப் புள்ளியியல் நிறுவனத்தில் தலையிட்டது. விலைக் குறியீட்டைக் கவனித்துவந்த அதிகாரி மாற்றப்பட்டார். அதற்குப் பிறகு அதிகாரப்பூர்வப் பணவீக்கம் அடக்க ஒடுக்கமாக இருந்தது. கடைக்குப் போனவர்களுக்கு மட்டும் அது புரியவில்லை.

ஆல்பர்ட்டோ கவாலோ என்ற அர்ஜென்டினாக்காரர் அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவர். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் இணையதளங்களில் போட்டிருக்கும் விலைகளைத் தினமும் இறக்கிக்கொள்ள ஒரு நிரல் எழுதினார். இன்றைக்குப் பால் என்ன விலை, நாளைக்கு அதே பால் என்ன விலை, அவ்வளவுதான். 2007 முதல் 2011 வரையான கணக்கில் அரசு சொன்னது வருடத்துக்குச் சுமார் 8 சதவீதம். அவருக்கு வந்தது 20 சதவீதத்துக்கு மேல். இதே நிரலைப் பிரேசிலுக்கும் சிலிக்கும் ஓட்டியபோது அந்த நாடுகளின் அரசு எண்ணோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ஆகவே கோளாறு முறையில் இல்லை, நாட்டில்தான் என்பது தெளிவானது. பின்னர் அவரும் பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட்டோ ரிகோபோனும் சேர்ந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பல நாடுகளின் விலைகளைத் திரட்டும் திட்டமாக அதை வளர்த்தார்கள்.

அரசு எண்ணைச் சந்தேகப்பட்டுத் தனியாகக் கணக்குப் போட்ட உள்நாட்டு ஆலோசனை நிறுவனங்களுக்கு 2011-இல் அபராதம் போட்டார்கள். 2012-இல் 'தி எகானமிஸ்ட்' இதழ் அர்ஜென்டினாவின் அரசுப் பணவீக்க எண்ணை அச்சிடுவதையே நிறுத்தியது. 2013-இல் சர்வதேச நாணய நிதியம் கண்டனம் தெரிவித்தது. ஆட்சி மாறி, 2016-இல்தான் இண்டெக் புதிய குறியீட்டை வெளியிட்டது.

அப்படியானால் இந்தியாவிலும் இணைய விலையை வைத்தே குறியீடு போட்டுவிடலாமே?

கோயம்பேட்டில் தக்காளி கிலோ என்ன விலை என்பது எந்தச் செயலியிலும் முழுசாக வராது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் ஊழியர்கள் நேரில் போய் விலை கேட்டுக் குறித்துவந்தார்கள். நம் மக்கள் வாங்குவது அங்கேதான். ஆனால் நேரில் போவதிலும் ஒரு சங்கடம் உண்டு. பொருள்களின் பட்டியல் பழசாகிவிடும். அந்தப் பட்டியலில் விசிஆர், டிவிடி பிளேயர், குதிரை வண்டிக் கட்டணம் எல்லாம் இருந்தன! மக்கள் எதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்பதை ஊழியரைவிட பில்லிங் மெஷின் சீக்கிரம் கண்டுபிடிக்கும். நெதர்லாந்தும் நார்வேயும் சூப்பர் மார்க்கெட் ஸ்கேனர் தரவை விலைக் குறியீட்டில் சேர்த்துப் பல வருடங்கள் ஆகின்றன.

ராஜ் செட்டி என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறதே, அவர் என்ன செய்தார்?

தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போனவர். இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். பெயர் நீக்கப்பட்ட வருமானவரிப் பதிவுகளை வைத்து, ஏழை வீட்டில் பிறந்த குழந்தை பெரியவனானதும் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கிட்டார். 2014-இல் வந்த ஆய்வில் 4 கோடி குழந்தைகளின் பதிவுகள். அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தை உச்சியில் உள்ள ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு சார்லட் நகரில் 4.4 சதவீதம், சான் ஹோசேயில் 12.9 சதவீதம். நாடு ஒன்று, ஊரைப் பொறுத்து மூன்று மடங்கு வித்தியாசம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வேலை. 1990-களில் அமெரிக்க அரசு ஐந்து நகரங்களில் ஏறக்குறைய 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. குலுக்கலில் விழுந்தவர்களுக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி. சில வருடம் கழித்துப் பார்த்தால் பெரியவர்களின் சம்பாத்தியத்தில் மாற்றமே இல்லை. திட்டம் தோற்றது என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அப்புறம் செட்டி குழுவினர் அந்தக் குடும்பங்களின் குழந்தைகளை வரிப் பதிவுகளில் தேடிப் பிடித்தார்கள். 13 வயதுக்கு முன்னால் இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பலன் இருந்திருக்கிறது; வெளியே தெரிய இருபது வருடம் பிடித்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காரணத்தை நிரூபித்தது பெருந்தரவு இல்லை, பழைய குலுக்கல்தான். அந்தக் குழந்தைகளை இருபது வருடம் கழித்துத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு வரிப் பதிவு உதவியது.

பிறகு சியாட்டில் பகுதியில் இதை ஒட்டி இன்னொரு திட்டம். வாடகை உதவியோடு வீடு தேடித்தர ஆள், வீட்டுக்காரரிடம் பேச ஆள் என்று துணையும் கொடுத்தபோது, முன்னேற வாய்ப்புள்ள பகுதிக்குப் போனவர்கள் 53 சதவீதம். துணை கிடைக்காத குடும்பங்களில் 15 சதவீதம்தான்.

ஏழைகள் யார் என்று கணினியே கண்டுபிடித்துப் பணம் அனுப்பியது என்கிறார்களே, உண்மையா?

ஏறக்குறைய உண்மை. இடம், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள டோகோ. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது 'நோவிசி' என்ற உதவித் திட்டம் தொடங்கியது. எவே மொழியில் அதற்கு ஒற்றுமை என்று பொருள். ஸ்மார்ட்போன் தேவையில்லை. பட்டன் போனில் *855# என்று அடித்து, வாக்காளர் அட்டை விவரத்தைத் தட்டினால், தகுதி இருந்தால் சில நிமிடத்தில் போனிலேயே பணம் வந்துவிடும். தலைநகர் லோமே வட்டாரத்தில் பெண்களுக்கு மாதம் 12,250 பிராங்க், ஆண்களுக்கு 10,500. வீட்டுச் செலவைப் பார்ப்பது பெண்கள் என்பதால் அவர்களுக்குக் கூடுதல்.

கிராமங்களுக்கு விரிவாக்கும்போதுதான் சிக்கல். எல்லாருக்கும் கொடுக்கப் பணமில்லை. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருந்தது. யார் ஏழை என்ற பதிவேடும் இல்லை. தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போகவும் முடியாது. ஜோஷுவா புளூமென்ஸ்டாக் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் இரண்டு படியாக வேலை செய்தார்கள். முதலில் செயற்கைக்கோள் படங்களை வைத்து, 397 வட்டாரங்களில் மிக ஏழ்மையான 100-ஐப் பொறுக்கினார்கள். அப்புறம் சில ஆயிரம் பேரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்நிலையைக் கேட்டு, அவர்கள் போனைப் பயன்படுத்தும் விதத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். எத்தனை அழைப்பு, எந்த நேரத்தில், வெளிநாட்டுக்குப் பேசுகிறாரா என்பது போன்ற நூற்றுக்கணக்கான விவரங்கள். அந்தப் பாடத்தைக் கற்ற நிரல் மற்றவர்களின் நிலையை ஊகித்தது.

எப்படி வேலை செய்தது? இடத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் வழிகளைவிட, தகுதியுள்ளவர் விடுபடும் பிழை 4 முதல் 21 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒழுங்கான முழுப் பதிவேடு ஒன்று நாட்டில் இருந்திருந்தால், அதோடு ஒப்பிடும்போது பிழை 9 முதல் 35 சதவீதம் அதிகம். இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போனே இல்லாதவர் கதையைச் சொல்லவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் இப்படி ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் வேறு மாதிரி. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் விதிகளை நினைத்துப் பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், கார் இருக்கக் கூடாது, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகக் கூடாது. மின்வாரியம் பில் போட எடுத்த மீட்டர் ரீடிங், இங்கே ஒரு குடும்பத்தின் வசதிக்கு அளவுகோல் ஆகிவிட்டது.

வாடகை வீட்டில் மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் என்ன ஆகும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் டோகோவின் நிரலைவிட இதில் ஒரு விஷயம் மேல். "எனக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்கும் அம்மாவுக்கு, "உங்கள் யூனிட் இவ்வளவு" என்று பதில் சொல்லலாம். அவர் ஈபி அட்டையை எடுத்துக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம். அதற்கு வழியும் வைத்திருக்கிறார்கள். டோகோவில் அதே கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள்? நூற்றுக்கணக்கான விவரங்களைக் கூட்டிப் பெருக்கி வந்த எண் என்பதா? என்னைக் கேட்டால், கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் புரிகிற விதியே மேல்.

ரேஷனில் தமிழ்நாடு இந்தத் தலைவலியையே வைத்துக்கொள்ளவில்லை. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் அரிசி.

கோடிக்கணக்கில் ஆள் இருந்தால் பிழை தானாகச் சரியாகிவிடாதா?

ஆகாது. இப்போது அந்தப் பானைக்கு வருவோம். கிளறாத அண்டாவில் மேலாகவே அள்ளினால், நூறு கரண்டி எடுத்தாலும் அடிப்பிடித்தது தெரியாது.

2021-இல் அமெரிக்காவில் எத்தனை பேர் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று அறிய, பேஸ்புக் வழியாக ஒரு சர்வே ஓடியது. வாரத்துக்கு 2.5 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். அதே சமயம் வேறொரு நிறுவனம் வழக்கமான முறையில் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்டது. மே மாதம் உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஆயிரம் பேர் சர்வே ஏறக்குறைய சரி. பேஸ்புக் சர்வே 17 சதவீதப் புள்ளி கூடக் காட்டியது. பேஸ்புக்கில் வந்த அழைப்பைப் பார்த்து உட்கார்ந்து பதில் சொல்கிறவர், ஊசி போட்டுக்கொள்ளவும் முன்வருகிறவராக இருந்திருக்கிறார். இரண்டரை லட்சம் பேரின் பதில், குலுக்கி எடுத்த வெறும் பத்துப் பேரின் பதிலைவிட மேலில்லை என்ற நிலைகூட வரலாம் என்று இதை ஆராய்ந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஆள் எண்ணிக்கை கூடக் கூட, தப்பான விடையை நாம் இன்னும் உறுதியாக நம்பத் தொடங்குவோம் என்பதுதான் இதில் பயம்.

யுபிஐ தரவு இருக்கிறதே, அதைப் பார்த்தால் பொருளாதாரம் முழுக்கத் தெரிந்துவிடாதா?

2023 ஆகஸ்டிலேயே மாதத்துக்கு ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. பிரமிப்பான எண்தான். ஆனால் என் தெருமுனையில் கீரை விற்கும் அம்மாவின் தள்ளுவண்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை அவருடைய மகன் பெயரில் இருக்கிறது. மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். நான் பதினைந்து ரூபாய் போட்டால் "வந்துடுச்சா?" என்று அம்மா அவரைக் கேட்பதில்லை, என் முகத்தைப் பார்த்து நம்பிவிடுகிறார். தரவில் பதிவாவது, ஒரு இளைஞர் நாளெல்லாம் சில்லறைத் தொகையாகச் சம்பாதிக்கிறார் என்பது. கீரை விற்கும் பெண் அதில் எங்கும் இல்லை.

இன்னொன்று, யுபிஐ கூடினால் வியாபாரம் கூடியது என்று அர்த்தமில்லை. நேற்றுவரை ரொக்கம் கொடுத்தவர் இன்று ஸ்கேன் செய்கிறார், அவ்வளவாகக்கூட இருக்கலாம். ஜிஎஸ்டி தரவு இந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் உருப்படியானது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, எந்த மாநிலம் எவ்வளவு ஏற்றுமதி செய்கிறது என்று முதல்முறையாகத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு, தெலங்கானா ஆகிய ஐந்தும் சேர்ந்து 70 சதவீதம் என்று 2017-18 ஆய்வறிக்கை சொன்னது.

இரவு வெளிச்சத்தை வைத்து வளர்ச்சியை அளப்பது நம்பகமா?

எண்களே சரியாக இல்லாத நாட்டுக்கு, போரில் சிதைந்த பகுதிக்கு, உதவும். செயற்கைக்கோள் இரவில் எடுத்த படங்கள் 1992-இலிருந்து இருப்பது பெரிய வசதி. ஆனால் நெல் விளைச்சல் கூடினால் விளக்கு எரியாது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிடலாம், வீட்டுக்கு வீடு முடியாது.

இதில் என் அந்தரங்கம் என்ன ஆகிறது?

"பெயரை நீக்கிவிட்டோம்" என்று சொல்வார்கள். அது போதாது. 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடத் தரவை ஆராய்ந்த 2013 ஆய்வு ஒன்று, ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கு இடம் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. உங்கள் வீடு, அலுவலகம், பிள்ளையின் பள்ளி, வெள்ளிக்கிழமை கோயில். நான்கு ஆகிவிட்டது.

இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் நிபந்தனையோடு விலக்கு தருகிறது. விலக்கு இல்லாவிட்டால் ஆராய்ச்சியே நடக்காது என்பது சரி. ஆனால் அந்த நிபந்தனையை யார் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வியை விடக் கூடாது.

இனி சர்வேயும் சென்சஸும் தேவையில்லை என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இதுவரை சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். டோகோவின் நிரலுக்கு எழுத்தறிவித்தது ஒரு தொலைபேசி சர்வே. பேஸ்புக்கின் பிழை பிடிபட்டது ஊசி போட்டவர்களை ஒழுங்காக எண்ணி வைத்திருந்ததால்.

நம் நாட்டில் 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. 2017-18 நுகர்வுச் செலவு சர்வேயை எடுத்து முடித்த பிறகு வெளியிட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்தது 2022-23-க்குத்தான் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு ரேஷன் என்பது 2011 கணக்கின்படியே நிற்கிறது. அதனால் பத்துக் கோடிப் பேருக்கு மேல் விடுபட்டிருக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ஜான் ட்ரீஸும் ரீதிகா கேராவும் 2020-இல் மதிப்பிட்டார்கள். எத்தனை செயற்கைக்கோள் மேலே சுற்றினாலும் அவர்களுக்கு அட்டை வந்துவிடாது.

நான் மாணவன். எங்கிருந்து தொடங்குவது?

ஆர் (R), பைத்தான் என்ற நிரல்மொழிகள் இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். எது என்று சண்டை போட வேண்டாம். மத்திய புள்ளியியல் அமைச்சகம் தேசிய மாதிரி சர்வேயின் மூலத் தரவை இலவசமாகவே தருகிறது. வாகனப் பதிவுகளை 'வாகன்' தளத்தில் ஆர்டிஓ அலுவலகவாரியாகப் பார்க்கலாம். முதல் வேலையாக உங்கள் மாவட்டத்தில் எத்தனை இருசக்கர வாகனம் பதிவாகியிருக்கிறது என்று எடுத்து, சர்வேயில் எத்தனை வீட்டில் வண்டி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாது. பக்கத்து மாவட்டத்தில் பதிவான வண்டி, விற்றும் பெயர் மாற்றாத வண்டி, பழைய இரும்புக்குப் போயும் பதிவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்று ஒவ்வொன்றாக வரும். அந்தப் பட்டியலைக் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நிரலை அப்புறம் எழுதலாம்.